சாமி எந்தப் பக்கம் நிற்கிறது? தெய்வ உருவக் காசுகளை நேராக வைப்பது எப்படி

காசைத் தலைகீழாகப் பிடித்தால் பெருமாளின் பீடம் மகுடம் போலத் தெரியும். பிள்ளையாரின் துதிக்கை மேலே நீட்டிய கை போல ஆகிவிடும். எழுத்து வெறும் கோலமாகிவிடும். தேய்ந்த பழங்காசுகளுக்குத் தவறான பெயர் விழுவதற்கு, சிற்ப இலக்கணம் தெரியாததைவிட, திசையைத் தீர்மானிக்காமல் பெயர் சொல்லப் போவதே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். ஆகவே "இது எந்தச் சாமி?" என்பது இரண்டாவது கேள்வி. "எது மேல்?" என்பதுதான் முதல் கேள்வி.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் மேல் எது, கீழ் எது என்று தனித்தனியாகக் கண்டுபிடிப்பது ஒன்று. முன்புறத்தின் மேலும் பின்புறத்தின் மேலும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று அளப்பது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. முன்புறத்தை நேராக வைத்துவிட்டு, காசைப் புரட்டியதும் தெரிகிற பின்புறமும் நேராகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவார்கள். கையால் அடித்த காசில் அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

முதல் வேலைக்கு நான் சொல்லும் விதி: தலையைத் தேடாதீர்கள், காலைத் தேடுங்கள். காசில் மிக உயரமாகப் புடைத்திருக்கும் இடங்கள்தான் முதலில் தேயும். முகம், மகுடம், மார்பு, மடித்த முழங்கால் எல்லாம் புழக்கத்தில் வழுவழுப்பாகிவிடும். பீடத்தின் கோடு, தாமரை இதழ் வரிசை, பாதங்களுக்குக் கீழே ஓடும் தரைக்கோடு ஆகியவை தாழ்வாக இருப்பதால் உருவம் அழிந்த பிறகும் தங்கியிருக்கும். நேர்க்கோடு ஒன்று உருவத்தை ஒரு பக்கம் மட்டும் வெட்டி நிறுத்துகிறதென்றால் அது பெரும்பாலும் தரை. வளைந்த கோடோ புள்ளி வரிசையோ உருவத்தைக் கவிந்து நின்றால் அது திருவாசி, அதாவது மேல். புள்ளிகள் காசைச் சுற்றிலும் முழு வட்டமாக ஓடினால் அது வெறும் விளிம்பு அலங்காரம். திசைக்கு அது உதவாது.

விளிம்பைப் பற்றி இன்னொன்று. விஜயநகரப் பணம் என்னும் சிறு தங்கக்காசு, நாயக்கர் காலச் செப்புக்காசு போன்றவற்றில் உருவத்தைப் பதிக்கும் அச்சு பெரிதாகவும் உலோக வில்லை சிறிதாகவும் இருக்கும். அதனால் உருவத்தின் ஒரு பகுதிதான் வில்லையில் விழும். காசின் வடிவம் நீள்வட்டமாக இருக்கிறதே என்று நீளவாட்டத்தைச் செங்குத்தாக வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வில்லையின் வடிவத்துக்கும் அச்சிலுள்ள உருவத்துக்கும் சம்பந்தமில்லை. மறந்துவிட்டு உருவத்தை மட்டும் பாருங்கள்.

பார்ப்பதற்கு முன் வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்றும் சிறு விளக்கு ஒன்றும் போதும். விளக்கை மேசை மட்டத்திலிருந்து 10 முதல் 15 பாகை உயரத்தில், பக்கவாட்டில் வையுங்கள். காசை அசைக்காமல் விளக்கை மட்டும் காசைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். ஒரு திசையில் தெரியாத கோடு வேறு திசையில் நிழல் விட்டு எழும். பிறகு நீங்கள் மேல் என்று நினைக்கும் பக்கத்துக்கு இடது மூலையில் விளக்கை நிறுத்திப் பாருங்கள். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் எப்போதும் எண்ணிக்கொள்கிறது. கீழிருந்து வெளிச்சம் விழுந்தால் புடைப்பு பள்ளமாகவும் பள்ளம் புடைப்பாகவும் தெரியும். இதனால் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. தவறான திசையில் படமெடுத்துவிட்டு, பின்னால் கணினியில் படத்தை 180 பாகை திருப்பினால் வெளிச்சமும் சேர்ந்து திரும்பிவிடும். சாமி நேராக நிற்கும், ஆனால் குழிக்குள் நிற்பது போலத் தெரியும். திசை உறுதியான பிறகு படத்தைத் திருப்பக் கூடாது. காசைத் திருப்பி வைத்துப் புதிதாக எடுக்க வேண்டும்.

அழுக்கு மறைக்கிறது என்பதற்காகப் புளி, எலுமிச்சை, பற்பசை, பித்தளைப் பாலிஷ் எதையும் போடாதீர்கள். செம்பின் மேல் படிந்த பச்சை அல்லது பழுப்புப் படலம் போனால் எழுத்தின் கரையும் சேர்ந்து போகும். வாலைவடிநீரில் ஊறவைத்து, கூராக்கிய மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நகர்த்துவதுதான் எல்லை.

கோடு எதுவும் பிடிபடாவிட்டால் எட்டுப் படம் செய்து பாருங்கள். காசின் படத்தை உள்ளங்கை அளவுக்கு அச்செடுத்து, மேலே ஒளிபுகும் தாள் வைத்து, கண்ணுக்கு உறுதியாகத் தெரியும் கோடுகளை மட்டும் வரையுங்கள். யூகத்தை வரையக் கூடாது. அந்தத் தாளை 45 பாகையாகத் திருப்பி எட்டு நிலைகளிலும் பாருங்கள். அச்சுப் படத்தை நேரடியாகப் பார்க்கும்போது கண் முதலில் பிடித்த உருவத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். வெறும் கோட்டோவியத்தில் அந்தப் பிடி விட்டுப்போகும். நல்ல நிலையிலுள்ள அதே வகைக் காசின் படம் கிடைத்தால் அதே அளவில் அச்செடுத்து, கோட்டோவியத்தை அதன் மேல் வைத்துச் சுழற்றுங்கள். இரண்டு இடங்களில் மட்டும் பொருந்தினால் நம்ப வேண்டாம். மூன்று தனித்தனி இடங்கள் ஒரே கோணத்தில் பொருந்த வேண்டும்.

இனி உருவங்கள். விஷ்ணு வடிவங்களில் மேற்கைகள் இரண்டிலும் சக்கரமும் சங்கும் தோள் உயரத்துக்கு மேலே இருக்கும். தலை முழுவதும் தேய்ந்திருந்தாலும் இருபுறமும் நிற்கும் அந்த இரண்டு சிறு குமிழ்கள் மேற்பக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். திருவேங்கடமுடையானுக்கு வலது மேற்கையில் சக்கரம், இடது மேற்கையில் சங்கு. அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம் சக்கரம், வலப்பக்கம் சங்கு. இது இடவல மாற்றத்தைக் கண்டுபிடிக்கவும் உதவும். சங்கு இடப்பக்கம் தெரிந்தால் முதலில் படத்தைச் சந்தேகியுங்கள். கைபேசியோ மென்பொருளோ கண்ணாடிப் பிம்பமாக்கியிருக்கலாம். பக்கத்திலுள்ள எழுத்தும் திரும்பித் தெரிகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

தம்பதியாக அமர்ந்த உருவங்களில் தேவி இறைவனுக்கு இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். விஜயநகர ஹரிஹரர் கால உமாமகேசுவர வராகன் (வராகன் என்பது தங்கக்காசு), இக்கேரி நாயக்கர்களின் சதாசிவ வராகன், ஐதர் அலி வெளியிட்ட சிவபார்வதி வராகன் எல்லாவற்றுக்கும் இந்த அமைப்பு பொருந்தும். பெரிய உருவமும் சிறிய உருவமும் அருகருகே இருந்து, சிறியது வலப்பக்கம் வரும்படி காசை வைத்தால் பெரும்பாலும் நேராக வந்துவிடும். தலைகீழாக்கினால் சிறியது இடப்பக்கம் போய்விடுவதால் இது எளிய சோதனை. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வெளியிட்ட மூன்று சாமி வராகனில் இது செல்லாது. நடுவில் பெருமாள், இருபுறமும் தேவியர் என்று இடவலம் சமமாக இருக்கும். அங்கே மகுடங்களின் கூர்மையையும் பாதக் கோட்டையும்தான் நம்ப வேண்டும்.

கிருஷ்ணதேவராயரின் (1509–1529) பாலகிருஷ்ண வராகனில் குழந்தை ஒரு முழங்காலை உயர்த்தி உட்கார்ந்திருக்கும், கையில் வெண்ணெய் உருண்டை. தேய்ந்த காசில் உயர்த்திய முழங்கால் கை போலவும் வெண்ணெய் உருண்டை தலை போலவும் மயக்கும். 12 மில்லிமீட்டர் அளவு அகலமும் 3.4 கிராம் எடையும் உள்ள சிறு தங்கத் துண்டில் இந்த மயக்கம் வருவது இயல்பு. இங்கே முன்புறத்தோடு போராடுவதைவிட அதன் பின்புற எழுத்தைப் படித்து வகையை உறுதி செய்துகொண்டு, நல்ல பிரதியோடு ஒப்பிட்டு முன்புறத்துக்குத் திரும்புவது நல்லது. எழுத்து, காசின் வகையைச் சொல்லும். ஆனால் முன்புறத்தின் கோணத்தைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

விஜயநகர அரசர் அச்சுதராயரின் காசிலுள்ள கண்டபேரண்டம்தான் எனக்குத் தெரிந்ததில் மிக அழகான கண்ணி. இரட்டைத் தலைப் பறவை அலகுகளிலும் நகங்களிலும் யானைகளைப் பற்றிக்கொண்டிருக்கும். மேலே இரண்டு தலை, இரண்டு யானை. கீழே இரண்டு கால், மறுபடி இரண்டு யானை. இடவலமும் சமம், மேல்கீழும் ஏறத்தாழ சமம். இதில் யானையை வைத்துத் திசை சொல்லப் போனால் தோற்றுவிடுவோம். கழுத்துகள் உடலிலிருந்து பிரிகிற இடத்தில் ஆங்கில வி எழுத்துப் போன்ற கவை இருக்கும், கால்களுக்கு நடுவே வால் தொங்கும். கவை திறக்கும் பக்கம் மேல், வால் விரியும் பக்கம் கீழ். இந்த இரண்டில் ஒன்றாவது கிடைத்தால் போதும்.

வாகனங்களில் நந்திக்குத் திமில் போதும். படுத்த நந்தியின் மடித்த கால்கள் தேய்ந்து ஒரே மேடாகத் தெரியும். கொம்பும் தலையும் ஒரு மேடு, திமில் இன்னொரு மேடு, இரண்டுக்கும் நடுவே பள்ளம். அந்த இரட்டை மேடு இருக்கும் பக்கம்தான் மேல். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசில் நந்திக்குக் கீழே "சேது" என்று தமிழில் இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறு வேறு கொம்பு எழுதாத காலம் என்பதால் அது இன்றைய கண்ணுக்குச் "செது" போலத் தெரியும். அந்த எழுத்துக் கொம்பின் சுழி இடப்பக்கம் வரும்படி திருப்பினால் நந்தியும் தானாக நிமிர்ந்துவிடும்.

எழுத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். திசைக்கு எழுத்தைவிட வலுவான சான்று இல்லை, எழுத்தைவிட எளிதாக ஏமாற்றுவதும் இல்லை. விஜயநகர வராகன்களில் நாகரி அல்லது நந்திநாகரி எழுத்து மூன்று வரிகளில் இருக்கும்: "ஸ்ரீ ப்ர / தாப க்ருஷ்ண / ராய". வரிகளுக்கு இடையே பிரிகோடுகள் ஓடும். நாகரி எழுத்துக்குத் தலைக்கோடு உண்டு என்பது மட்டும் தெரிந்தவர் இந்தப் பிரிகோட்டையே தலைக்கோடாக எடுத்துக்கொள்வார். தலைகீழாக வைத்தாலும் எழுத்துகள் ஒரு கோட்டிலிருந்து தொங்குவது போலவே தெரியும். காசு முழுதும் நீளும் கோடு பிரிகோடு. ஒவ்வோர் எழுத்தின் மேலும் தனித்தனியாக இருக்கும் குட்டைக்கோடு தலைக்கோடு. அந்தக் குட்டைக்கோட்டிலிருந்து செங்குத்துக் கால் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அதுதான் கீழ். "ஸ்ரீ" முதல் வரியின் இடது ஓரத்தில் வர வேண்டும். ஓரமாக அடித்த காசில் முதல் வரியே இல்லாமல் போயிருக்கலாம், ஆகவே ஸ்ரீயைக் காணோம் என்று திசையை மாற்றிவிடாதீர்கள்.

முதலாம் இராசராசனின் செப்புக்காசு தமிழ்நாட்டில் பலர் கையில் முதலில் கிடைப்பது. ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் இடக்கைக்குக் கீழே நாகரியில் "ஸ்ரீ ராஜ ராஜ" என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. உருவங்கள் குச்சி மனிதர்கள் போல இருப்பதால் திசை குழம்பும். எழுத்துத் தொகுதி நமக்கு வலப்பக்கம் வர வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் அமர்ந்த பக்கம் முடிந்தது. நின்ற பக்கத்தில் இடுப்பிலிருந்து பிரிந்து தொங்கும் ஆடைக் கோடுகளைக் கூடுதல் கால்களாக எண்ணிவிடுவார்கள். அவை இருக்கும் பக்கமே கீழ் என்பதால் இந்தத் தவறு திசையைக் கெடுக்காது.

குப்தர் தங்கக்காசில் வேறொரு பழக்கம். சமுத்திரகுப்தரின் பெயர் அவர் இடக்கைக்குக் கீழே பிராமி எழுத்தில் செங்குத்தாக இறங்கும். வரி செங்குத்தாகப் போகிறது, ஆனால் எழுத்துகள் சாயவில்லை. ஒவ்வோர் எழுத்தும் நிமிர்ந்தே நிற்கிறது. வரியைப் படுக்கையாக்க வேண்டும் என்று காசைத் திருப்பினால் அரசரும் பின்புறத்து இலட்சுமியும் படுத்துவிடுவார்கள். வரி ஓடும் திசை வேறு, எழுத்து நிற்கும் திசை வேறு. வெனிஸ் நகரத் தங்க டுகாட்டிலும் இப்படித்தான். புனித மாற்கும் மண்டியிட்ட ஆட்சித் தலைவரும் கொடிக்கம்பைப் பிடித்திருக்க, கம்பை ஒட்டி டி, வி, எக்ஸ் எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். அதன் மறுபக்கம் விண்மீன்கள் நிறைந்த நீள்வட்டத்துக்குள் இயேசு. நீள்வட்டத்தின் இரு முனைகளும் ஒன்றுபோல இருப்பதால் எந்த வாட்டம் செங்குத்து என்பது தெரியும், எந்த முனை மேல் என்பது தெரியாது. ஆசி வழங்க உயர்த்திய வலக்கையும் இடக்கையிலுள்ள நூலும் அதைத் தீர்க்கும். பைசாந்தியக் காசில் சிலுவை படிக்கட்டின் மேல் நின்றால் வேலை மிக எளிது. படிகள் கீழ்.

கலிமா என்னும் இசுலாமிய நம்பிக்கை வாசகம் பொறித்த காசுகளில் உருவமே இல்லை, எழுத்து மட்டும்தான். அப்துல் மாலிக் ஹிஜ்ரி 77-இல் தொடங்கிய உமையா தினாரிலிருந்து அக்பர், ஷாஜகான் ரூபாய்கள் வரை இதுவே நிலை. அரபியோ பாரசீகமோ படிக்கத் தெரியாதவரும் திசையைக் கண்டுபிடிக்கலாம். அலிஃப், லாம் எழுத்துகளின் நீண்ட கால்கள் அடிக்கோட்டிலிருந்து மேலே எழும். நூன், ரே போன்றவற்றின் வால்கள் அடிக்கோட்டுக்குக் கீழே வளைந்து இறங்கும். உயர்ந்த நேர்க்கால்கள் எந்தப் பக்கம் கூட்டமாக நிற்கின்றனவோ அது மேல். சொற்களைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் இங்கே ஒரு வலை இருக்கிறது. முகலாயக் காசுகளில் வரிகள் கீழிருந்து மேலாகப் படிக்கும்படி அடுக்கப்பட்டிருப்பதுண்டு. முதல் சொல் கீழே இருக்கிறதே என்று காசைத் திருப்பக் கூடாது. சதுரத்துக்குள் கலிமா இருந்து, நான்கு ஓரங்களிலும் நான்கு கலீபாக்களின் பெயர்கள் இருந்தால் ஓர எழுத்துகள் சதுரத்தின் பக்கத்தோடு திரும்பிக்கொண்டே போகும். நடுவிலுள்ளதை வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள். அக்பர் தாம் தொடங்கிய இலாஹி ஆண்டுக் கணக்கின் 50-ஆம் ஆண்டில் வெளியிட்ட இராமர் சீதைக் காசில் இரண்டு எழுத்துமுறைகளும் உண்டு: உருவப் பக்கத்தில் நாகரி, மறுபக்கத்தில் பாரசீகம். ஒவ்வொரு பக்கத்தையும் அதனதன் எழுத்தின் விதிப்படி நிறுத்த வேண்டும்.

மேல் கீழ் என்பதே இல்லாத பக்கங்களும் உண்டு. மூன்று சாமி வராகனின் பின்புறம் வெறும் மணிமணியான புள்ளிப்பரப்பு. நட்சத்திர வராகனில் அந்தப் பரப்பின் நடுவே ஐந்து முனை விண்மீன் இருக்கும். அதன் ஒரு முனையை மேல் என்று பிடித்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. இத்தகைய பக்கத்துக்குத் "திசை இல்லை" என்று எழுதுவதுதான் சரியான பதிவு. ஐதர் அலியின் வராகனில் அதே புள்ளிப்பரப்பின் மேல் அவர் பெயரின் முதல் எழுத்தான ஹே இருப்பதால் திசை கிடைத்துவிடுகிறது. தலைக்கோடு மேலே, கிண்ணம் போன்ற வளைவின் வாய் வலப்பக்கம்.

துளையையும் வளையத்தையும் சான்றாக எடுக்காதீர்கள். தெய்வ உருவக் காசுகள் தாலியிலும் கழுத்து மாலையிலும் கோத்து அணியப்பட்டவை. வளையம் பற்றவைத்த இடம், அதை அணிந்தவரோ பற்றவைத்த தட்டாரோ எதை மேல் என்று நினைத்தார்கள் என்பதைச் சொல்லும். காசு அடித்த அக்கசாலையின் நோக்கத்தைச் சொல்லாது. அதுவும் இரு பக்கங்களில் எந்தப் பக்கத்துக்காக அந்த மேல் என்பது வேறு இருக்கிறது. துளை இருக்கும் இடத்தைக் கடிகார மணியாகத் தனியே எழுதி வையுங்கள், காசு பின்னாளில் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு அது நல்ல சான்று.

இப்போது இரண்டாவது வேலை. முன்புறத்தை நேராக நிறுத்தி, காசின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் விரல் வைத்துப் பிடியுங்கள். அந்த இரண்டு புள்ளிகளும் அசையாமல், கதவைத் திறப்பது போலப் பக்கவாட்டில் திருப்புங்கள். இப்போது பின்புறத்தின் மேல் எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். நேராக மேலே என்றால் 12 மணி, வலப்பக்கம் என்றால் 3 மணி, கீழே என்றால் 6 மணி. அமெரிக்கக் காசுகள் 6 மணி அமைப்பு, யூரோக் காசுகள் 12 மணி அமைப்பு, பைசாந்தியத் தங்கம் பெரும்பாலும் 6 மணி. தவறு நேர்வது திருப்பும் முறையில்தான். பக்கங்களைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் புரட்டினால் 12 மணிக் காசு 6 மணியாகத் தெரியும். 3 மணியும் 9 மணியும்கூட இடம் மாறும். ஒரே சேகரிப்பில் இரண்டு முறைகளையும் கலந்துவிட்டால் அந்தப் பதிவுகள் எதற்கும் பயன்படாது.

கையால் அடித்த காசில் கீழச்சு பட்டறையில் பதிந்திருக்கும். மேலச்சு கம்மியரின் கையில் இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் கை சற்றே திரும்பலாம். ஆகவே ஒரே அச்சிணையில் அடித்த இரு காசுகளின் கோணம் வேறுபடலாம், அது போலிக்கு அடையாளமல்ல. மாறாக, ஒரு வகையில் கிடைக்கும் காசுகள் எல்லாம் ஒரே கோணத்தில் இருந்தால், அச்சுகளைக் கீலோ சதுரப் பிடியோ வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். இதனால்தான் பத்துக் காசு இருந்தால் பத்தின் கோணத்தையும் எழுத வேண்டும். நடுத்தரமாக ஒன்றை எழுதி எல்லாவற்றுக்கும் பொதுவாக்கக் கூடாது.

இராமடங்கா எனப்படும் கோயில் வில்லைகளைக் காசு என்று நம்பி ஏமாறுவது இன்றும் நடக்கிறது. ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் வில்லேந்திய இராம இலட்சுமணர், சுற்றிலும் படிக்க முடியாத போலி நாகரி, 1740 அல்லது 51740 போன்ற கற்பனை ஆண்டு. எழுத்தே போலியாக இருக்கும்போது அதைப் படித்துத் திசை காண முயல்வது வீண். குடை மேலே, பணிந்த அனுமன் கீழே என்று உருவத்தை வைத்து நிறுத்துங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 போன்ற ஆண்டும் போட்டு, இராமரோ அனுமனோ நிற்கும் ஒரு அணா, இரண்டு அணாத் துண்டுகள் கம்பெனி வெளியிட்ட காசுகளே அல்ல. அவற்றின் கோணத்தை அளந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பதிவு செய்யும்போது காகித உறையின் மேல் விளிம்பில், காசின் மேல் வராமல், பென்சிலால் ஒரு சிறு அம்பு போடுங்கள். உறைக்குள் காசு சுழன்றுவிடும் என்பதால் அம்பு மட்டும் போதாது. "மு: பீடம் கீழே, சங்கு வலம். பி: மூவரி நாகரி. கோணம் 4 மணி" என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உறுதியில்லாத பக்கத்துக்குக் கேள்விக்குறி போட்டு, வாய்ப்புள்ள இரண்டு நிலைகளையும் படமெடுத்து வையுங்கள். அதே அச்சில் அடித்த இன்னொரு காசு என்றைக்காவது கையில் வரும்போது அந்த இரண்டில் ஒன்றை நீக்கிவிடலாம்.